சும்மா கிடக்கிற கிளவுஸ்

மார்ச் 2, ஞாயிறு

பயிற்சி முடிந்து எல்லாரும் ஷூ கழற்றிக்கொண்டிருந்தபோது அக்கா சொன்னாள். சிதறிக் கிடந்த பந்துகளைப் பொறுக்கிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல்.

"அடுத்த மேட்ச்ல பாப்பா கீப்பிங் பண்ணட்டும். நீ கவர்ல நில்லு."

நான் இடது கை கிளவுஸை இன்னும் கழற்றியிருக்கவில்லை. வேறு யாரிடமோ சொல்கிறாள் என்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் தண்ணீர்த் தொட்டிதான் இருந்தது.

"ஏன்?"

"ஒரு மாற்றம் வேணும்ல."

மாற்றமாம். கடை வாசலில் பெஞ்சை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நகர்த்திப் போடுகிற மாதிரி.

அதுவும் பாப்பா! மாமாவின் தங்கை. அக்காவுக்கு நாத்தனார். இருபத்திரண்டு வயசு, கதவு நிலையில் தலை இடிக்கிற உயரம் – அந்த வீட்டில் இன்னும் பாப்பா. அணிக்கு வந்து ஒரு சீசன் முடியவில்லை. நன்றாக பேட் செய்வாள், இல்லை என்று சொல்லவில்லை. கீப்பிங் எப்போது கற்றாள்? கனவிலா?

இதிலெல்லாம் பெரிய கொடுமை, போகும்போது அக்கா ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போயிருந்தேன். வரும்போதும் அதில்தான் வர வேண்டியிருந்தது. பஸ்ஸில் வருகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. வேகத்தடை வரும்போதெல்லாம் அவள் இடுப்பைப் பிடிப்பது வழக்கம். இன்று பின்கம்பியைப் பிடித்துக்கொண்டேன். வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, "வரட்டா?" என்றாள்.

கேட்டது அக்காவா, கேப்டனா? தெரியவில்லை. இரண்டு பேருக்குமே பதில் சொல்லவில்லை.

மார்ச் 3, திங்கள்

விடிந்ததும் நான் ரத்தம் எடுக்கிற லேபில் கூட்டம். வெறும் வயிற்றோடு வருகிறவர்களுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். நமக்கும் இருக்கக்கூடும் என்று யாருக்கும் தோன்றாது.

சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். ஆச்சரியப்படவே இல்லை. அவளுக்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறது!

"அவ போன வீட்டையும் நினைச்சுப் பாருடி. நீ கொஞ்சம் விட்டுக்கொடுத்தா என்ன கொறைஞ்சா போயிடுவ?"

பந்தை விட்டால் நீ என்ன கீப்பர் என்று கேட்பார்கள். இடத்தை விட்டால் நல்ல பொண்ணு என்பார்கள்.

கடைசி மேட்ச்சுக்குத் தேர்வுக் குழு வருகிறது, மண்டல அணிக்கு ஆள் எடுக்க. எனக்கு இருபத்தொன்பது ஆகிறது. அடுத்த வருஷம் யார் என் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள்? அக்காவுக்கு இது தெரியாதா? என்னைவிட நன்றாகத் தெரியும்.

மார்ச் 7, வெள்ளி

எழுத ஒன்றுமில்லை. எழுதினால் அசிங்கமாகத்தான் வரும்.

மார்ச் 9, ஞாயிறு

கவரில் நின்றேன். வெறுங்கையோடு.

கீப்பரைத் தவிர ஃபீல்டிங்கில் வேறு யாரும் கிளவுஸ் போடக்கூடாது என்பது சட்டம். இத்தனை வருஷம் அந்தச் சட்டம் எனக்காக எழுதியது போல ஒரு திமிர் இருந்தது. இன்று கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கட்டினேன், இடுப்பில் வைத்தேன், தொடையில் துடைத்தேன். விருந்துக்குப் போன வீட்டில் யாரும் உட்காரச் சொல்லாத மாதிரி நின்றேன்.

பாப்பாவின் கிளவுஸ் புத்தம் புதுசு. ரப்பர் பளபளவென்று. பந்து அதில் பட்டால் பலகையில் பட்டது போலத் தெறிக்கிறது. எத்தனை பந்து அவளைத் தாண்டிப் போயின என்று நான் எண்ணவில்லை. அதாவது, எண்ணாதது போல நின்றேன். ஒவ்வொன்றும் எல்லைக்கோட்டைத் தொடும்போது வயிற்றுக்குள் குளுகுளுவென்று இருந்தது. சொந்த அணி தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறவள் என்ன ஜென்மம்?

ஆனால் ஜெயித்துவிட்டோம். அதுவும் பிடிக்கவில்லை.

முடிந்ததும் பாப்பா வந்து உள்ளங்கையைக் காட்டினாள். சிவந்து எரிந்துபோயிருந்தது. "அக்கா, இதுக்கு என்ன பண்ணுவீங்க?" என்றாள். உள்ளே போடுகிற இன்னரைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து போட்டுக்கொள் என்று சொல்லியிருக்கலாம். ஒரு வரி.

"உங்க அண்ணியைக் கேளு" என்றேன்.

மார்ச் 11, செவ்வாய்

இன்று மாமா வந்தார். கையில் ஆப்பிள் பை. மாமா ஆப்பிளோடு வந்தால் கூடவே ஏதோ ஒரு காரியமும் வரும் என்று அர்த்தம்.

நாற்காலி நுனியில் உட்கார்ந்து, டீயைப் புகழ்ந்து, மழை வராததைப் பற்றிப் பேசி, பிறகு வந்தார் விஷயத்துக்கு.

"பாப்பா கிளவுஸ் இன்னும் கைக்குப் பழகல. உன்னோடதை இந்த சீசனுக்கு மட்டும் குடுத்தேன்னா… சும்மாதானே கிடக்குது?"

நான் வாய் திறப்பதற்குள் அம்மா உள்ளே போய் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். துணிப்பையில். இன்னரைத் துவைத்து மடித்து மேலே வைத்திருந்தாள். அப்படியானால் காலையிலேயே பேச்சு முடிந்திருக்கிறது!

"அம்மா, அதை வை."

"ஒரே குடும்பம்தானேடி—"

"வைம்மா கீழ!"

பக்கத்து வீட்டில் டிவி சத்தம் குறைந்தது. மாமா சிரித்தார். "விடுங்க அத்தை. கிளவுஸ்தானே. என்னமோ சொத்தை எழுதிக் கேட்ட மாதிரி."

பையைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டேன். அவர் போகிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

அப்புறம் அக்கா போன். "ஒரு கிளவுஸுக்காடி இவ்வளவு ஆட்டம்? வீடு தேடி வந்து கேட்டிருக்காரு, மூஞ்சியில அடிச்ச மாதிரி—"

"நீ ஏன் வந்து கேக்கல?"

வைத்துவிட்டாள்.

ஆப்பிளை அம்மா நறுக்கி வைத்தாள். தொடவில்லை. இப்போது பழுப்பேறிக் கிடக்கிறது.

மார்ச் 12, புதன்

கோபம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. அதனால் இதை எழுதலாம்.

என் கிளவுஸும் வாங்கியபோது பலகையாகத்தான் இருந்தது. சுவரில் பந்தை எறிந்து எறிந்து பிடித்தேன். டிவி பார்க்கும்போதும் கையில் மாட்டி மடக்கி மடக்கி நீட்டினேன். அம்மா "கையில என்னடி, குழந்தைக்குப் பால் பாட்டிலா" என்று கேட்பாள். ஒரு சீசன் போனபின்தான் ஆள்காட்டி விரலுக்குக் கீழே ஒரு குழி விழுந்தது. பந்து அதற்குள் வந்து உட்காரும்போது பொத்தென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். படீர் என்று கேட்டால் தப்பாகப் பிடித்திருக்கிறேன் என்று அர்த்தம்.

அந்தக் குழி என் கைக்கு விழுந்தது. பாப்பா விரல் நீளம். அவள் போட்டால் குழி உள்ளங்கையில் போய் நிற்கும், அடிதான் படும். இதை மாமாவிடம் நிதானமாகச் சொல்லியிருக்கலாம். நியாயமும் என் பக்கம் நின்றிருக்கும். ஏன் கத்தினேன்?

ஏனென்றால், "சும்மாதானே கிடக்குது" என்றார். கிளவுஸை மட்டும் சொன்ன மாதிரி எனக்குக் கேட்கவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

பாப்பா சுலபமான கேட்ச் ஒன்றைக் கோட்டைவிட்டாள். அடுத்த பந்தில் என் பக்கம் வந்ததை நான் தடுத்தேன், எறிய ஒரு நொடி தாமதம். அக்கா கிரவுண்டே கேட்கும்படி கத்தினாள்: "கவர்! தூக்கமா?"

கவர்! பெயர்கூடப் போய்விட்டது.

கேட்ச் விட்டவளுக்குக் கைதட்டி "பரவால்ல, பரவால்ல."

முடிந்ததும் அணிச் சட்டையை மடித்து அக்கா பையின் மேல் வைத்தேன். "இனிமே வரல." அவள் ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அவிழ்த்து முடித்தாள். "உன் இஷ்டம்" என்றாள்.

பஸ்ஸில் வந்தேன்.

மார்ச் 18, செவ்வாய்

டீச்சர் போன் செய்தாள். எங்களோடு எப்போதும் முட்டிக்கொள்ளும் அணியின் கேப்டன். பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிறாள், கிரவுண்டில் ஸ்பின் போடுகிறாள். "எங்க கீப்பர் மாசமா இருக்கா. நீ சும்மா இருக்கியாமே. வர்றியா?"

இவளும் சும்மா என்கிறாள். ஆனாலும் இந்தச் சும்மா வலிக்கவில்லை.

மார்ச் 20, வியாழன்

கையெழுத்துப் போட்டுவிட்டேன். அம்மா சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுப் படுத்துவிட்டாள். படுக்கையிலிருந்து சுவரைப் பார்த்து ஒரு வாக்கியம்: "கூடப் பிறந்தவளுக்கு எதிரா நிக்கிறதுக்காடி உன்னை வளர்த்தேன்?"

என்னை யார் எதிரே கொண்டுவந்து நிறுத்தியது என்று அந்தச் சுவர் கேட்கவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

புது அணியில் முதல் மேட்ச். ஒருத்தியை ஸ்டம்பிங் செய்தேன். டீச்சர் பந்து திரும்பும் பக்கம் பிடிபட நேரமாகிறது, ஆனாலும் கை மறக்கவில்லை. எல்லாரும் ஓடிவந்து முதுகில் தட்டினார்கள். நல்ல பிள்ளைகள். ஒருத்திக்கும் என்னைத் தெரியாது. கூட்டத்தில் பழக்கதோஷத்தில் அக்காவைத் தேடினேன். சீ.

இடது ஆள்காட்டி விரல் வீங்கியிருக்கிறது. ஐஸ் வைத்தேன்.

மார்ச் 26, புதன்

லேபில் தலைகுனிவு. இடது விரலால் நரம்பைத் தடவிப் பார்த்து, வலது கையால் ஊசி ஏற்றுவதுதான் என் பழக்கம். இன்று தடவுகிறேன், தடவுகிறேன் – விரலில் ஒன்றும் தெரியவில்லை. மரத்துப்போய் மரக்கட்டை. மேலே லேப் கிளவுஸ் வேறு இறுக்குகிறது. ஒரு பெரியவரை இரண்டு முறை குத்தி, இரண்டிலும் ரத்தம் வரவில்லை.

"ஏம்மா, என் கையில ஏதாவது தொலைச்சுட்டியா?" என்றார்.

வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு கழிப்பறையில் போய் நின்றேன்.

லேப் நடத்துகிற மேடம் பின்னாலேயே வந்துவிட்டாள். "முதல்ல விரலைக் காட்டு. அப்புறம் ஊசியைத் தொடு."

மார்ச் 28, வெள்ளி

எக்ஸ்ரே. உள்ளே சின்னதாக ஒரு எலும்புத் துண்டு உடைந்து ஒட்டாமல் கிடக்கிறதாம். மூட்டு தேய்ந்திருக்கிறதாம்.

டாக்டர் கேட்டார், "கிளவுஸ் போட்டுத்தானே பிடிக்கிறீங்க?"

"போட்டுத்தான்."

"அது தோலைக் காப்பாத்தும். எலும்பை எத்தனை வருஷம் காப்பாத்தும்?"

ஆபரேஷன் செய்ய வேண்டும். இனி அடி பட்டால் விரல் மடங்காமலேயே போய்விடலாம். விரல் போனால் லேப் வேலை? அதை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இன்னும் ஒரே ஒரு மேட்ச். அக்கா அணியோடு. தேர்வுக் குழு வருகிறது. பக்கத்து விரலையும் சேர்த்துப் பிளாஸ்திரி சுற்றினால் கிளவுஸுக்குள் யாருக்குத் தெரியப்போகிறது?

புத்தி வேண்டாம் என்கிறது. புத்தியை யார் கேட்டார்கள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

முழுக்க எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் இது என்னைத் தின்றுவிடும்.

பந்தல் நிழலில் தேர்வுக் குழுவினர் மூன்று பேர். தண்ணீர்க் குழாய் அருகே பாப்பா வந்து நின்றாள். "அக்கா, நான் கேக்கவே இல்ல. எனக்கு பேட்டிங் மட்டும் போதும்னுதான் சொன்னேன். அண்ணிதான் கிளவுஸை எடுத்துக் குடுத்தாங்க."

கேட்காமலே கிடைத்ததாம். கேட்டுக் கேட்டு இழந்தவளிடம் வந்து சொல்கிறாள். அழுதுவிடுவாள் போல இருந்தது முகம். நான் பாட்டிலை நிரப்பிக்கொண்டு நகர்ந்துவிட்டேன்.

அக்கா மூன்றாவதாக பேட் செய்ய வந்தாள். டீச்சர் பந்து வீச்சு. ஸ்பின் என்பதால் நான் ஸ்டம்பை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். கை நீட்டினால் அவள் முதுகு. மூன்று வாரமாகப் பேச்சில்லை.

திரும்பாமலே சொன்னாள்: "அம்மாக்கு பிரஷர் மாத்திரை தீர்ந்துருச்சாம். போகும்போது வாங்கிட்டுப் போ."

"பேட் பண்ணு" என்றேன்.

பத்துப் பதினொரு ரன் எடுத்திருப்பாள். ஒரு பந்து நினைத்ததைவிட எழும்பியது. அவள் ஆடப்போய்த் தாமதமாகிக் கையை இழுத்தாள். பந்து அவள் வலது கட்டைவிரலில், கிளவுஸின் மேல் உரசியது. நான் பார்த்தேன். கிளவுஸின் அந்த மடிப்பு பட்டென்று அசைந்ததைப் பார்த்தேன். பேட்டைப் பிடித்திருக்கும் கை பேட்டின் பகுதிதான், பட்டால் அவுட். பந்து என் கைக்கு வந்தது. என் விரலில் உயிர் போய் வந்தது. ஆனால் விடவில்லை.

கத்தினேன். டீச்சர் கத்தினாள். அம்பயர் தலையை ஆட்டினார். இல்லை.

அக்காவைப் பார்த்தேன். எங்கள் எல்லாருக்கும் அவள் போட்ட சட்டம்: "பட்டுச்சுன்னா போயிடணும். அம்பயர் என்ன சொன்னாலும் சரி." அதை மீறிய ஒரு பெண்ணை இரண்டு மேட்ச் வெளியே உட்கார வைத்தவள்.

அவள் போகவில்லை. குனிந்து பேட்டால் தரையைத் தட்டினாள். கட்டைவிரலில் அடி பட்டவர்கள் கையை உதறுவார்கள், கிளவுஸைக் கழற்றிப் பார்ப்பார்கள். அவள் உதறவில்லை. உதறினால் தெரிந்துவிடும். அந்த வலியை அப்படியே விழுங்கிக்கொண்டு நின்றாள். பல்லைக் கடித்ததில் தாடை மட்டும் அசைந்தது.

"நீயா?" என்றேன்.

"அடுத்த பால் வருது, உக்காரு" என்றாள்.

அவள் ஐம்பது தாண்டினாள். அவர்கள் ஜெயித்தார்கள். நான் கடைசியில் இரண்டு பந்தைத் தவறவிட்டேன். விரல் மடங்கவில்லை. பந்தலில் ஒருவர் ஏதோ குறித்துக்கொண்டார்.

மாத்திரை வாங்கிக்கொண்டுதான் வந்தேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

அக்கா வந்தாள். அம்மாவுக்கு அவளும் மாத்திரை வாங்கியிருக்கிறாள். இப்போது வீட்டில் இரண்டு மாசத்துக்கு மாத்திரை இருக்கிறது.

தண்ணீர் டம்ளரை வாங்கும்போது அம்மா அவள் கையைப் பிடித்துவிட்டாள். கட்டைவிரல் நகம் முழுக்கக் கருநீலம், விரல் கத்திரிக்காய் மாதிரி.

"ஐயோ, என்னடி இது? எப்பப் பட்டுச்சு? பந்தா?"

அக்கா கையை இழுத்துக்கொண்டாள். அம்மா தைலம் எடுக்க எழுந்தாள். "சொல்லேன்டி, பந்து பட்டுச்சா?"

"படவே இல்லம்மா" என்றேன் நான். "அம்பயரே சொல்லிட்டாரு."

அம்மாவுக்குப் புரியவில்லை. அக்காவின் முகம் காது வரை சிவந்தது. தைலத்துக்குக்கூட நிற்காமல் போய்விட்டாள்.

இப்படி ஒரு வார்த்தைக்காக ஒரு மாசம் காத்திருந்தேனே, வந்ததும் ஏன் இனிக்கவில்லை?

ஏப்ரல் 14, திங்கள்

தேர்வு முடிவு வந்தது. கீப்பராக வேறு ஏதோ ஊர்ப் பெண். எந்த மேட்ச்சிலும் நாங்கள் பார்த்ததில்லை. நானும் இல்லை, பாப்பாவும் இல்லை, அக்காவும் இல்லை.

இரண்டு பூனைகள் அப்பத்துக்கு அடித்துக்கொண்ட கதைதான். குரங்காவது தெரிந்த குரங்காக இருந்திருக்கலாம்.

ஏப்ரல் 17, வியாழன்

லேபை விட்டு வெளியே வந்தால், எதிரே மருந்துக்கடை நிழலில் அக்கா. வேலைக்கு அரைநாள் லீவு போட்டிருக்கிறாள்.

"பட்டுச்சுடி" என்றாள்.

"தெரியும்."

"அன்னிக்கு மாமாவும் மாமியாரும் உக்காந்து பாத்துட்டு இருந்தாங்க. ஜெயிக்கலைன்னா இதோட போதும்னு சொல்லியிருந்தாங்க."

"சரி. கிளவுஸ்?"

ரோட்டில் ஒரு லாரி பின்னால் வந்து வந்து நின்று, அப்புறம் போயிற்று.

"கல்யாணமாகி இவ்வளவு நாளாகியும் கிரவுண்டு என்ன கிரவுண்டுன்னு அந்த வீட்ல தினம் ஒரு பேச்சு. பாப்பாவுக்கு இதுல ஒரு வழி பிறக்கும்னா, அவளைக் கூட்டிட்டுப் போற சாக்குல நானும் போலாம். பேட்டிங்க்கு நிறைய பேர் இருக்காங்க. கீப்பர்னா எடுப்பாங்கன்னு நினைச்சேன்."

"என் இடத்தை வித்து உன் இடத்தை வாங்கிக்கிட்ட."

"உன்னால தாங்க முடியும்னு நினைச்சேன்டி."

"தாங்குறவ தலையிலதான எல்லாரும் ஏத்துறீங்க!"

மருந்துக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அக்கா என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "விரல் என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல."

மன்னிப்புக் கேட்கவில்லை அவள். கேட்டிருந்தாலும் நான் கொடுத்திருக்க மாட்டேன். பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

ஏப்ரல் 25, வெள்ளி

ஆபரேஷன் முடிந்தது. கம்பி வைத்துக் கட்டியிருக்கிறார்கள். முழுசாக மடங்குமா என்று கேட்டேன். "பார்ப்போம்" என்றார். டாக்டர்கள் பார்ப்போம் என்றால் நாம் பார்க்காமல் இருப்பது நல்லது.

கீப்பிங் முடிந்தது. அதை அவர் தெளிவாகவே சொன்னார்.

மே 2, வெள்ளி

லேபில் என்னை முன்மேஜைக்கு மாற்றிவிட்டார்கள். ஒற்றைக் கையால் பெயர்களைத் தட்டுகிறேன். உள்ளே புதுப்பெண் ஊசி போடுகிறாள். யாரோ "ஆ" என்று கத்தினால் எழுந்து ஓடத் தோன்றுகிறது.

மே 11, ஞாயிறு

கட்டுப் போட்ட கையோடு என்னால் தலை பின்ன முடிவதில்லை. அம்மாவுக்குத் தோள்வலி, கை மேலே எழும்பாது. ஆபரேஷன் ஆன மறுநாளிலிருந்து, ஞாயிறு தவிர, அக்கா காலையில் வந்து பின்னிவிட்டுப் போகிறாள். யார் கூப்பிட்டது என்று நான் கேட்கவில்லை. நானும் அவளும் பேசுவதில்லை. நான் முக்காலியில் உட்காருவேன், அவள் பின்னால் நிற்பாள்.

இன்று ஞாயிறு என்பதால் வர மாட்டாள், பயிற்சி இருக்கும் என்று நினைத்தேன். வந்தாள். வழக்கத்தைவிட நிதானமாகச் சிக்கெடுத்தாள். வெயில் ஏறிவிட்டது, கிளம்பும் அவசரமே இல்லை.

"பிராக்டிஸ் இல்லையா?" எனக்கே என் குரல் புதிதாக இருந்தது.

வாயில் கிளிப்பைக் கடித்துக்கொண்டே சொன்னாள். "பாப்பாவுக்கு மாப்பிள்ளை பாக்குறாங்க. அவளை வெயில்ல அனுப்ப மாட்டாங்களாம். அவளே போகலைன்னா எனக்கு அங்க என்ன வேலைன்னுட்டாங்க."

"எப்பலேர்ந்து?"

"இனிமே இல்ல."

சீப்பு ஒரு இடத்தில் நின்றது. மறுபடி நகர்ந்தது. அவள் முகம் தெரியவில்லை, எனக்குப் பின்னால் இருந்தாள். 'நல்லா வேணும்' என்று நாக்கு நுனிவரை வந்தது. சொல்ல எனக்கு எல்லா உரிமையும் இருந்தது.

"இறுக்காதே, வலிக்குது" என்றேன்.

அவள் தளர்த்தவில்லை. நானும் தலையை நகர்த்தவில்லை. பின்னி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் சடை நுனியைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.